பழைய லேண்ட் குரூசருக்கு வீட்டிலேயே பொருத்திய டர்போ

டொயோட்டா லேண்ட் குரூசர் 75 வரிசை வண்டிகளில் 1990 முதல் வந்த 1எச்இசட் எஞ்சினைப் பற்றி ஆஸ்திரேலியாவில் யாரைக் கேட்டாலும் இரண்டு செய்திகளைச் சொல்வார்கள்: அது லேசில் படுக்காது, ஆனால் ஏற்றத்தில் அவசரமும் காட்டாது. ஆறு சிலிண்டர், 4164 சிசி, டர்போ (வெளியேறும் வாயுவின் விசையால் சுழன்று, காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளும் கருவி) இல்லாத டீசல். சுமார் 96 கிலோவாட் திறனும் 285 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையும் தரக்கூடியது. வெறும் வண்டிக்கு இது தாராளம். கூரைமேல் கூடாரம், நிரம்பிய இரண்டு டீசல் டாங்குகள், தண்ணீர், குடும்பம், பின்னால் ஓர் இழுவை வண்டி என்று எடை ஏறிய பிறகு, பெர்த்திலிருந்து கிழக்கே போகும்போது வரும் கிரீன்மவுண்ட் ஏற்றத்தில் மூன்றாவது கியரில் லாரிகளோடு சேர்ந்து ஊர்ந்துதான் போகவேண்டும். லான்சலின் மணல்மேடுகளில் வேகம் சற்றுக் குறைந்தாலும் எஞ்சின் மூச்சு வாங்கி நின்றுவிடும். என் வண்டிக்கு டர்போ தேவை என்று முடிவு செய்ததற்கு இந்த இரண்டு இடங்களே காரணம். ஆயத்தத் தொகுப்புகள் கடைகளில் கிடைக்கின்றன என்றாலும், சிலிண்டர்களின் எக்ஸாஸ்ட் வாயுவைத் திரட்டி டர்போவுக்குக் கொண்டுபோகும் மேனிஃபோல்டு முதல் எண்ணெய்க் குழாய் வரை என் கையாலேயே செய்து பார்க்க விரும்பினேன்.

டர்போவைப் பொருத்துவது பெரும்பாலும் அளவெடுத்தல், வெட்டுதல், வெல்டிங் ஆகியவற்றோடு முடிந்துவிடுகிற வேலை. அதன்பின் அந்த எஞ்சின் எத்தனை ஆண்டு ஓடும் என்பது டீசலைப் பீச்சும் பம்பிலிருந்து எவ்வளவு டீசல் விடுகிறோம் என்பதைப் பொறுத்தது. அந்த அளவை எக்ஸாஸ்ட் வாயுவின் வெப்பநிலையை வைத்தே தீர்மானிக்கவேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பூஸ்ட் (டர்போ கூட்டித் தரும் காற்றழுத்தம்) காட்டும் மீட்டரும் சைலன்சர் புகையும் துணைச் சாட்சிகள் மட்டுமே.

இந்த எஞ்சினில் இந்த எச்சரிக்கை ஏன் கூடுதலாகத் தேவை என்பதற்கு அதன் அமைப்பே காரணம். இதன் உடன்பிறப்பான 1எச்டி-டி எஞ்சினும் அதே 4164 சிசிதான். ஆனால் அது தொழிற்சாலையிலேயே டர்போவுக்காக வடிவமைக்கப்பட்டது. அதில் டீசல் நேராகப் பிஸ்டன் தலைமேல் பீச்சப்படுகிறது; அமுக்க விகிதம் (சிலிண்டருக்குள் காற்று எத்தனை மடங்கு சுருக்கப்படுகிறது என்பது) 18.6. 1எச்இசட் எஞ்சினிலோ டீசல் முதலில் சிலிண்டர் ஹெட்டில் உள்ள சிறிய முன்அறையில் பீச்சப்பட்டு, அங்கே பற்றிக்கொண்டு, பிறகு சிலிண்டருக்குள் பாய்கிறது. அமுக்க விகிதம் 22.4. ஏட்டுக் கணக்குப்படி, டர்போ இல்லாதபோதே அமுக்கத்தின் முடிவில் சிலிண்டருக்குள் 65 பாருக்கு (ஒரு பார் என்பது ஏறக்குறைய சூழல் காற்றின் அழுத்தம்) மேல் அழுத்தம் எழும். உள்ளே வரும் காற்றின் அழுத்தத்தை ஒன்றரை மடங்காக்கினால், டீசல் பற்றுவதற்கு முன்பே அது 100 பாரை எட்டும். அதோடு முன்அறையின் வாய் எப்போதும் கடும் சூட்டில் இருக்கிறது. அளவுமீறி டீசல் விடப்பட்ட 1எச்இசட் எஞ்சின்களைப் பிரித்தால் முன்அறைகளிலும், ஹெட்டில் வால்வுகளுக்கு நடுவிலும் வெடிப்புகள் தென்படும் என்பது இங்குள்ள மெக்கானிக்குகள் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். எனவே 8 பிஎஸ்ஐ பூஸ்ட் போதும் என்று தொடக்கத்திலேயே வரம்பு வைத்துக்கொண்டேன்.

பழைய வண்டிகளை உடைத்துப் பாகங்கள் விற்கும் கூடத்தில், சிறிய லாரி ஒன்றின் டர்போவை வாங்கினேன். பழைய டர்போ வாங்குவோர் அதன் தண்டைக் கையால் அசைத்துப் பார்ப்பது அவசியம். பக்கவாட்டில் மிகச் சிறிய அசைவு இருக்கலாம், ஏனெனில் எண்ணெய்ப் படலத்தின்மீது மிதந்து சுழல்வதற்காக அந்த இடைவெளி விடப்பட்டிருக்கிறது. முன்னும் பின்னுமாகக் கைக்குத் தெரியும்படி அசைந்தால் வாங்கக்கூடாது. சக்கரத்தின் இதழ்முனை உறையில் உரசிய தடம் இருந்தாலும் வேண்டாம்.

மேனிஃபோல்டைக் கனமான நீராவிக் குழாய் வளைவுகளைக் கொண்டு வெல்டு செய்தேன். இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். ஆறு சிலிண்டர் ஹெட்டின் பக்கவாட்டில் ஓடும் இந்த மேனிஃபோல்டு ஏறக்குறைய 60 செ.மீ. நீளமுடையது. எஃகு ஒரு டிகிரிக்கு மீட்டருக்குச் சுமார் 12 மைக்ரான் வீதம் விரியும். குளிர்ந்த நிலையிலிருந்து 600 டிகிரி ஏறும்போது மேனிஃபோல்டின் நீளம் நான்கு மில்லிமீட்டருக்கு மேல் கூடிவிடுகிறது. தண்ணீரால் குளிரும் சிலிண்டர் ஹெட்டோ அதே இடத்தில் நிற்கிறது. ஒரே துண்டாகச் செய்து எல்லா நட்டுகளையும் இறுக்கிவிட்டால், அந்த நான்கு மில்லிமீட்டர் போக இடமில்லாமல் ஸ்டட்டுகளை (ஹெட்டில் பதிந்து நிற்கும் மரையாணிகளை) முறிக்கும், அல்லது வெல்டைக் கிழிக்கும். ஆகவே இரண்டிரண்டு சிலிண்டர்களுக்கு ஒன்று என மூன்று துண்டுகளாக்கி, ஒன்றின் குழாய்முனை மற்றதன் உள்ளே நழுவிச் செல்லும்படி இணைத்தேன். நடுத் துண்டின் துளைகள் மட்டும் ஸ்டட்டின் அளவுக்கே இருக்கும். ஓரங்களுக்குப் போகப் போகத் துளைகள் நீள்வட்டமாகும். வெல்டிங் முழுவதும் 12 மி.மீ. தடிமனுள்ள ஃபிளாஞ்சுகள் (ஹெட்டோடு சேரும் தகடுகள்) ஒரு பழைய ஹெட்டின்மீது இறுக்கப்பட்ட நிலையிலேயே நடந்தது. பிறகு ஃபிளாஞ்சு முகங்களைக் கடைசலில் கொடுத்துச் சமப்படுத்தி வாங்கினேன்.

எண்ணெய், எஞ்சினின் ஆயில் அழுத்த முனையிலிருந்து ஒரு கிளை எடுத்து மெல்லிய குழாயில் டர்போவுக்குப் போகிறது. திரும்பி வரும் குழாய் குறைந்தது 16 மி.மீ. உள்விட்டம் கொண்டதாகவும், எங்கும் மேல்நோக்கி வளையாமலும், எஞ்சினின் அடியில் எண்ணெய் தேங்கும் சம்பில் எண்ணெய் மட்டத்துக்கு மேலே சேர்வதாகவும் இருக்கவேண்டும். டர்போவிலிருந்து வெளிவரும் எண்ணெய் அழுத்தமிழந்து நுரைத்து, தன் எடையால் மட்டுமே வடிகிறது. எஞ்சினின் அடிப்பெட்டியான கிராங்க்கேஸின் மூச்சுக்குழாயும் இடம் மாறியாக வேண்டும். முன்பு அது காற்று நுழையும் இன்டேக்கில் சேர்ந்தது. இப்போது அங்கே பூஸ்ட் இருப்பதால், ஏர் ஃபில்டருக்கும் டர்போவுக்கும் இடையே சேர்க்காவிட்டால் எஞ்சினின் அடிவயிறு காற்றடைத்து ஒவ்வொரு ஆயில் சீலிலும் கசியும். பிரேக் வெற்றிடத்துக்குக் கவலையில்லை, ஆல்டர்னேட்டரின் பின்னால் அதற்கென்றே ஒரு பம்ப் இருக்கிறது.

இப்போது காற்றின் கணக்கு. 8 பிஎஸ்ஐ பூஸ்ட் சேரும்போது மொத்த அழுத்தம் சூழல் அழுத்தத்தைப்போல் 1.54 மடங்கு. காற்றும் 1.54 மடங்கு உள்ளே போகிறது என்று பலர் எண்ணிவிடுகிறார்கள். அமுக்கும்போது காற்று சூடாகிறது. கம்ப்ரசரின் செயல்திறன் 68 சதவீதம் என்று வைத்தால், 25 டிகிரியில் நுழையும் காற்று ஏறக்குறைய 83 டிகிரியில் வெளிவரும். சூடான காற்று விரிந்துவிடுவதால், இன்டர்கூலர் (அமுக்கப்பட்ட காற்றைக் குளிர்விக்கும் கருவி) இல்லாதபோது சிலிண்டருக்குக் கிடைக்கும் கூடுதல் காற்று எடைக்கணக்கில் 29 சதவீதமே. ஓரளவு நல்ல இன்டர்கூலர் அதை 42 டிகிரிக்கு இறக்கினால் 45 சதவீதம் வரை கிடைக்கும். பூஸ்ட் மீட்டர் இரண்டு நிலைகளிலும் ஒரே 8 பிஎஸ்ஐயைத்தான் காட்டும். அதைப் பார்த்து டீசலைக் கூட்டக்கூடாது என்று நான் சொல்வதற்கு இதுவே அடிப்படை.

பெட்ரோல் எஞ்சினில் பழகியவர்களுக்கு அடுத்த விஷயம் தலைகீழாகத் தோன்றும். பெட்ரோலில் கலவையைச் சற்று அடர்த்தியாக்கினால் எரியறை குளிரும். டீசலில் காற்று எப்போதும் தேவைக்கு அதிகமாகவே இருக்கிறது. எரிந்து முடிந்த பின்னும் மிஞ்சும் அந்தக் காற்றுதான் சூட்டைப் பங்குபோட்டுக்கொள்கிறது. டீசலைக் கூட்டக் கூட்ட மிச்சக் காற்று குறைந்து வெப்பநிலை நேராக மேலேறும். டீசல் முழுமையாக எரிய அதன் எடையைப்போல் ஏறத்தாழ 14.5 மடங்கு காற்று போதும் என்றாலும், 18 மடங்கை நெருங்கும்போதே கரும்புகை தொடங்கிவிடுகிறது. என் கணக்கில் இந்த எஞ்சின் முழுத் திறனில் 20 மடங்குக்கு அருகில் ஓடுகிறது. காற்று 29 சதவீதம் கூடும்போது டீசலை 15 சதவீதம் மட்டும் கூட்டினால் அந்த விகிதம் 22க்கு மேல் நிற்கும்; திறனும் கூடும், சூடும் அடங்கும்.

யாழ்ப்பாணத்தில் படகு எஞ்சின்களோடு வாழ்ந்து, இப்போது பெர்த்தில் இருக்கும் ஓர் அண்ணையிடம் பம்பைத் தொடுவதற்கு முன் யோசனை கேட்டேன். "தம்பி, புகையைப் பாக்காதை. சூட்டைப் பார். புகை வரேக்கை சூடு எப்பவோ ஏறிட்டுது," என்றார். கடலில் மணிக்கணக்காக முழுச் சுமையில் ஓடும் எஞ்சின்களைப் பார்த்தவர் சொல்லும் சொல் அது. அதனால் டர்போ பொருத்துவதற்கு முன்பே பழைய மேனிஃபோல்டில் வெப்பநிலையை அளக்கும் ஒரு தெர்மோகப்பிளைப் பதித்து, கிரீன்மவுண்ட் ஏற்றத்தில் முழு முடுக்கத்தில் 660 டிகிரி என்று குறித்துக்கொண்டேன். புதிய மேனிஃபோல்டிலும் தெர்மோகப்பிள் டர்போவுக்கு முன்னால்தான் இருக்கிறது, அதன் நுனி வாயு ஓட்டத்தின் நடுவில். டர்போவுக்குப் பின்னால் வைத்தால் சுமையைப் பொறுத்து 100 முதல் 200 டிகிரி வரை குறைத்துக் காட்டும். அந்த எண்ணை நம்பி ஓட்டுவது ஆபத்து.

முதல் ஓட்டத்தில் பம்பைத் தொடவேயில்லை. அதே ஏற்றம், அதே சுமை, அதே கியர். எக்ஸாஸ்ட் வெப்பநிலை 590 டிகிரிக்கு இறங்கியது. அதே டீசலுக்கு அதிகக் காற்று கிடைத்ததன் நேரடிப் பலன் இது. பழைய புகையும் காணாமல் போயிற்று. டீசலைக் கூட்டுவதற்கு நமக்குள்ள இடம் இந்த இறக்கத்துக்குள்தான் இருக்கிறது.

இந்த எஞ்சினில் இருப்பது சுழல்வகைப் பம்ப். அதன் பின்புறத்தில், பூட்டு நட்டோடு கூடிய முழு டீசல் திருகு இருக்கிறது. அதை உள்ளே திருகினால் டீசல் கூடும். ஆனால் பூஸ்ட் எழாத வேளையிலும் கூடும். அடியிலிருந்து முடுக்கும்போதெல்லாம் கருமேகம் எழும், மணலில் மெதுவாக ஏறும்போது எஞ்சின் வெந்துபோகும். எனவே பம்பின் மேல்மூடியை மாற்றி, பூஸ்ட்டுக்கு ஏற்ப டீசலைக் கூட்டும் ஈடுசெய்கருவி ஒன்றைப் பொருத்தினேன். அதன் உள்ளே டயாஃபிரம் என்ற ஒரு நெகிழும் சவ்வு, அதன் கீழே ஒரு ஸ்பிரிங், நடுவில் ஒருபுறம் சரிவாகச் சீவப்பட்ட ஒரு தண்டு. பூஸ்ட் டயாஃபிரத்தை அழுத்தும்போது தண்டு இறங்குகிறது. அதன் சரிவில் சாய்ந்திருக்கும் சிறு ஊசி நகர்ந்து, உள்ளே உள்ள நெம்புகோலை விடுவித்து, டீசல் அளவு வளையத்தை முன்னே தள்ளுகிறது. ஸ்பிரிங்குக்குக் கீழே உள்ள பல்சக்கரம் தண்டு எந்த அழுத்தத்தில் இறங்கத் தொடங்கும் என்பதையும், டயாஃபிரத்தைச் சுற்றி வைக்கும் கோணம் எவ்வளவு டீசல் கூடும் என்பதையும் நிர்ணயிக்கின்றன.

முழு டீசல் திருகை ஒரு நேரத்தில் எட்டில் ஒரு சுற்றுக்கு மேல் திருகக்கூடாது. திருகும் ஒவ்வொரு முறையும் ஐடிலிங் வேகம் தானாக ஏறும். அதை அதன் தனித் திருகால் மீண்டும் இறக்கவேண்டும். எல்லைமீறி உள்ளே போனால், ஆக்சிலரேட்டரை விட்ட பிறகும் எஞ்சின் வேகம் இறங்காது. ஆகவே நிறுத்தும் முறை கையெட்டும் தூரத்தில் தயாராக இருக்கட்டும். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பின்னும் அதே ஏற்றத்தில், காற்றின் வெப்பநிலை ஏறத்தாழ ஒத்த வேளைகளில் ஓட்டிக் குறித்தேன். நீடித்த ஏற்றத்தில் 650, சில விநாடிகளுக்கு மட்டும் 700 என்பது நான் வகுத்துக்கொண்ட வரம்பு. இப்போது கிரீன்மவுண்டில் நான்காவது கியரிலேயே ஏறும்போது 640 காட்டுகிறது. லான்சலினில், டயர் காற்றை 16 பிஎஸ்ஐக்கு இறக்கி நீண்ட மேட்டில் ஏறியபோது 690ஐத் தொட்டது. அங்கே வண்டியின் வேகம் குறைவு, ரேடியேட்டருக்குக் காற்றும் குறைவு, சுமை மட்டும் முழுமை. அத்தகைய ஏற்றத்துக்குப் பின் ஓரிரு நிமிடம் ஐடிலிங்கில் ஓடவிட்ட பிறகே சாவியைத் திருப்புகிறேன். உடனே நிறுத்தினால் சூடான டர்போவுக்குள் தேங்கும் எண்ணெய் கருகிவிடும்.

மேற்கு ஆஸ்திரேலியாவில் இத்தகைய மாற்றத்துக்கு மாநிலப் போக்குவரத்துத் துறையின் அனுமதி தேவை. விஎஸ்பி14 என்ற தேசிய வழிகாட்டி நெறிகளை ஒட்டியே பொறியாளர் வண்டியைச் சோதிப்பார். வேலையைத் தொடங்கும் முன்பே விண்ணப்பிப்பதும், காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவிப்பதும் பிற்காலச் சிக்கல்களைத் தவிர்க்கும்.

இன்டர்கூலரை அடுத்ததாகப் பொருத்தப்போகிறேன். வடக்கே டெர்பியிலிருந்து தொடங்கும் கிப் ரிவர் சாலையின் 660 கி.மீ. தூரத்தை இழுவை வண்டியோடு கடக்க விருப்பம் இருக்கிறது. 40 டிகிரி வெயிலில் இன்டர்கூலர் இல்லாவிட்டால் எஞ்சினுக்குள் நுழையும் காற்று 100 டிகிரியைத் தொடும். இன்டர்கூலர் வந்தபின் காற்று கூடும், பம்பில் இன்னும் ஒரு திருகல் திருகலாமே என்று நண்பர்கள் சொல்கிறார்கள். அந்தக் கூடுதல் காற்றை முழுவதும் வெப்பநிலையைத் தணிக்கவே விட்டுவைக்கப்போகிறேன். முழு டீசல் திருகின் பூட்டு நட்டு இப்போது இருக்கும் இடத்திலேயே இருக்கும்.