இழுப்பு எப்போது வருகிறது?

பிரேக்கை மிதித்தால் லாரி இடப்பக்கம் இழுக்கிறது என்று ஓட்டுநர் சொன்னவுடன் இடது முன்சக்கரத்தைக் கழற்றத் தொடங்கும் பழக்கம் காரைக்குடி வட்டாரத்துப் பட்டறைகள் பலவற்றில் இன்னும் இருக்கிறது. வண்டி எந்தப் பக்கம் திரும்புகிறதோ அந்தப் பக்கத்துச் சக்கரம்தான் கூடுதலாகப் பிடிக்கிறது என்பது உண்மையே. ஆனால் அந்தச் சக்கரம் தன் வேலையைச் சரியாகவே செய்துகொண்டிருக்க, எதிர்ப்பக்கத்துச் சக்கரம் செய்யாமல் இருப்பதையே நான் பார்த்த வண்டிகளில் பெரும்பாலும் கண்டிருக்கிறேன். ஆகவே ஸ்பானரைக் கையில் எடுப்பதற்கு முன் ஓட்டுநரிடம் சில கேள்விகளைக் கேட்பது என் வழக்கம். பட்டறைக்கு வெளியே காத்திருக்கும் முதலாளிக்கு இது நேர விரயமாகத் தோன்றும் என்பது எனக்குத் தெரியும்.

தொட்டவுடன் இழுக்கிறதா, அழுத்தி மிதித்த பிறகு இழுக்கிறதா, காலை எடுக்கும்போது இழுக்கிறதா என்பது முதல் கேள்வி. காலியாகப் போகும்போதும் உண்டா, லோடு ஏற்றினால் மட்டுமா என்பது அடுத்தது. ஸ்டியரிங் கையில் திருகுகிறதா, அல்லது ஸ்டியரிங் நேராக இருக்கும்போதே வண்டி மட்டும் விலகிப் போகிறதா என்பது மூன்றாவது. முன்சக்கரம் தரையைத் தொடும் இடம், சக்கரம் திரும்பும் அச்சாணியான கிங்பின்னின் கோட்டிலிருந்து சற்று விலகி இருப்பதால், இரு முன்சக்கரங்களின் பிரேக் பலம் வேறுபட்டால் அந்த வேறுபாடு இரு முன்சக்கரங்களையும் இணைக்கும் டை ராடு வழியாக ஸ்டியரிங்கைத் திருகியே தீரும். கையில் எதுவும் தெரியாமல் வண்டி விலகினால் பின் அச்சையோ ஸ்பிரிங் பட்டையையோ முதலில் பார்க்க வேண்டும்.

சாலையையும் கணக்கில் எடுக்க வேண்டும். நம் சாலைகள் நடுவில் மேடாகவும் ஓரத்தில் தாழ்வாகவும் இருப்பதால், இடப்பக்கமாகவே செல்லும் வண்டி சற்று இடப்பக்கம் சாய்வது இயல்பு. தேவகோட்டை சாலையின் ஓரத்தில் ஓட்டிப் பார்த்துவிட்டு இழுப்பு இருக்கிறது என்று முடிவு செய்வது சரியாகாது. டயர் காற்றைப் பார்க்காமல் சோதனை ஓட்டம் போவதும், ஒரே அச்சில் ஒரு பக்கம் ரேடியலும் மறுபக்கம் நைலானும் போட்டிருப்பதைக் கவனிக்காமல் விடுவதும் அப்படிப்பட்டவையே. ஐப்பசி, கார்த்திகை மழையில் கண்மாய் மறுகால் பாய்ந்து தரைப்பாலத்தின் மேல் தண்ணீர் ஓடும் நாட்களில் ஒரு பக்கச் சக்கரத்தின் பிரேக் டிரம் மட்டும் நனைந்து வண்டி இழுக்கும். மெதுவாகச் சில முறை மிதித்துக் காயவைத்தால் போய்விடும் அந்த இழுப்புக்குப் பட்டறை வேண்டியதில்லை.

நான் விரிவாகச் சொல்ல விரும்புவது ஆத்தங்குடிப் பக்கத்திலிருந்து தரைக்கல் ஏற்றி மதுரைக்குப் போய்வரும் ஓர் ஆறு சக்கர வண்டியைப் பற்றி. கண்ணாடித் தகட்டின் மேல் வண்ணக் கலவை ஊற்றிச் சிமெண்டும் மணலும் சேர்த்து வார்க்கும் அந்தக் கல், பார்வைக்கு மெல்லியதாக இருந்தாலும் எடை மிகுந்தது, எளிதில் மூலை உடைவது. பிரேக்கில் வண்டி வெட்டினால் ஓட்டுநரின் உயிருக்கு ஆபத்து என்பதோடு சரக்கும் உடையும். மிதித்தால் இடப்பக்கம் இழுத்த அந்த வண்டிக்கு, டிரம்மில் உரசி வண்டியை நிறுத்தும் லைனிங்கை வேறொரு பட்டறையில் ஏற்கெனவே இடப்பக்கம் கழற்றித் தேய்த்துப் போட்டிருந்தார்கள். அதற்கும் அடங்காததால் பிரேக்கின் இடைவெளியைச் சரிசெய்யும் ஸ்லாக் அட்ஜஸ்டரை இடப்பக்கம் தளர்த்திவிட்டு, இப்போது சரியாகிவிட்டது என்று அனுப்பியிருந்தார்கள். இரண்டு நடை போய்வருவதற்குள் இழுப்பு திரும்பியிருந்தது.

அந்த ஓட்டுநர் என்னைவிட வயதில் மூத்தவர். நான் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொன்னவர், கடைசியில், "மேஸ்திரி, மிதிச்ச ஒடனே இடப்பக்கம் இழுக்குது, காலை எடுக்கிறப்ப ஒரு தடவ வலப்பக்கமும் வெட்டுது, ஆனா அத யாரும் கேக்கல" என்றார். "அண்ணே, அதத்தான் நான் கேட்டுக்கிட்டிருக்கேன்" என்றேன். லைனிங் தேய்ந்திருந்தாலோ, கிரீஸ் பட்டிருந்தாலோ, டிரம் அளவு மாறியிருந்தாலோ, இழுப்பு ஒரே பக்கம்தான் இருக்கும். காலை எடுக்கும்போது திசை மாறாது. மிதிக்கும்போது ஒரு பக்கமும் விடும்போது மறுபக்கமும் இழுத்தால், பிரேக்கை இயக்கும் காற்று ஒரு சக்கரத்துக்குத் தாமதமாகப் போய்த் தாமதமாகவே திரும்புகிறது என்று பொருள். அவர் சொன்னதை வைத்துப் பார்த்தால் தாமதம் வலது சக்கரத்தில் இருந்தது.

இதில் இன்னொரு வசதியும் உண்டு. காற்றை அழுத்தும் கம்ப்ரசர், அதைச் சேர்த்துவைக்கும் காற்று டாங்கி, மிதிக்கும்போது காற்றைத் திறந்துவிடும் ஃபுட் வால்வு ஆகியவை இரு முன்சக்கரங்களுக்கும் பொது. அவற்றில் கோளாறு இருந்தால் பிரேக் இரண்டு பக்கமும் சேர்ந்தே குறையும். எனவே ஒரு பக்க இழுப்புக்குக் காற்று இரண்டாகப் பிரியும் இடத்துக்குப் பிறகு உள்ளவற்றைத்தான் தேட வேண்டும்: காற்று போகும் ரப்பர் ஹோஸ், அந்தக் காற்றால் தண்டைத் தள்ளும் பிரேக் சேம்பர், அதன் தண்டு, ஸ்லாக் அட்ஜஸ்டர், லைனிங்கை டிரம்மோடு அழுத்தும் கேம், லைனிங், டிரம்.

சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, இரு பக்க அட்ஜஸ்டர்களையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்த பின், உதவியாளரை மிதிக்கச் சொல்லி அடியில் படுத்துப் பார்த்தேன். மிதித்துப் பிடித்த நிலையில் அளந்தபோது இரண்டு தண்டுகளின் ஓட்டமும், அதாவது அவை வெளிவரும் தூரமும், சமமாகவே இருந்தது. இந்தச் சமம்தான் பலரை ஏமாற்றுகிறது. அடைப்பு உள்ள ஹோஸிலும் சிறிது நேரத்தில் காற்று நிறைந்துவிடும் என்பதால், நின்ற நிலையில் எடுக்கும் அளவில் தாமதம் தெரியாது. சட்டென்று மிதிக்கச் சொல்லிப் பார்த்தபோதோ, இடது தண்டு பாய்ந்து வெளிவந்தது, வலது தண்டு ஊர்ந்து வந்தது, திரும்பும்போதும் அப்படியே. இரு பக்கமும் ஒரே நீளமுள்ள ஹோஸ் என்பதால் அவற்றை மாற்றிப் பூட்டி ஓட்டிப் பார்த்தோம். மிதித்தவுடன் வண்டி வலப்பக்கம் இழுத்தது. ஐயப்படும் பொருளைப் பக்கம் மாற்றிப் போட்டு, கோளாறும் கூடவே மாறுகிறதா என்று பார்ப்பதைவிட உறுதியான சோதனை எங்கள் தொழிலில் குறைவு. கையில் கருவி இல்லாத பட்டறையிலும் இதைச் செய்யலாம்.

ஹோஸை அறுத்துப் பார்த்தபோது வெளிப்பக்கத்தில் ஒரு விரிசல்கூட இல்லை. உள் ரப்பர் ஊதிப் பெருத்து, ஒரு பகுதி பிரிந்து பாதையில் தொங்கியது. புது ஹோஸ் போட்டு அனுப்பிவிடலாம்தான். ஆனால் காற்று டாங்கியின் வடிகாலைத் திறந்தபோது தண்ணீரோடு கறுத்த எண்ணெயும் வந்தது. தேய்ந்த ரிங்குகளைத் தாண்டிக் கம்ப்ரசர் எண்ணெயைத் தள்ளினால் அது காற்றோடு சென்று ரப்பரைக் கெடுக்கும். கம்ப்ரசரைக் கவனிக்காமல் விட்டால் புது ஹோஸும் அதே வழியில் போகும் என்று முதலாளியிடம் சொன்னபோது முதலில் அவர் முகம் சுருங்கியது. அறுத்த ஹோஸைக் காட்டிய பின் ஒப்புக்கொண்டார்.

அட்ஜஸ்டரைத் தளர்த்தி இழுப்பைச் 'சமப்படுத்தும்' வேலையை நான் கடுமையாகவே எதிர்க்கிறேன். காலில் முள் குத்தி நொண்டுபவனுக்கு மறுகாலிலும் முள் குத்திவிட்டு நடை நேரானது என்பது போன்ற வேலை அது. பிரேக் சேம்பரின் மேல் உள்ள எண் அதன் பரப்பைச் சதுர அங்குலத்தில் குறிக்கிறது. 24 என்றால் ஏறத்தாழ 155 சதுர சென்டிமீட்டர். சதுர சென்டிமீட்டருக்கு 4 கிலோ அழுத்தத்தில் அது ஏறத்தாழ 620 கிலோ விசையோடு தண்டைத் தள்ளும். அந்த விசை தண்டின் ஓட்டம் ஓர் எல்லைக்குள் இருக்கும்வரைதான் கிடைக்கும். வழக்கமான 24 எண் சேம்பருக்கு அந்த எல்லை 1¾ அங்குலம், அதாவது 44 மில்லிமீட்டர். அதைத் தாண்டினால் விசை வேகமாகச் சரியும். தளர்த்திய அட்ஜஸ்டர் காலி வண்டியில் ஒழுங்காக நிறுத்துவது போலவே தோன்றும். லோடோடு இறங்கும்போது, டிரம் சூடாகி விரிந்த நிலையில், தண்டு எல்லையைத் தொட்டுவிடும். பழைய சேம்பரை மாற்றும்போது ஒரு பக்கம் 24, மறுபக்கம் 20 போட்ட வண்டியையும் பார்த்திருக்கிறேன். அதே அழுத்தத்தில் இரண்டுக்கும் நூறு கிலோ வேறுபாடு வரும், அட்ஜஸ்டர் எவ்வளவு சமமாக இருந்தாலும்.

லைனிங்கை ஒரு பக்கம் மட்டும் மாற்றுவதும் இதே வகைதான். எட்டு ஆண்டு தாண்டிய சரக்கு வண்டிக்கு ஆண்டுதோறும் எஃப்.சி. (தகுதிச் சான்று) எடுக்க வேண்டியிருப்பதால், அந்தச் சமயத்தில் மட்டும் பிரேக்கைத் திறக்கும் முதலாளிகள், தேய்ந்த பக்கத்துக்கு மட்டும் போடச் சொல்வார்கள். வேறு தயாரிப்பு, வேறு உராய்வு, மறுநாளே இழுப்பு. போட்டால் அச்சுக்கு இரண்டு பக்கமும் ஒரே தயாரிப்பாகப் போட வேண்டும், சக்கரத்தின் கிரீஸை அடைத்துவைக்கும் ஹப் சீல் கசிந்து ஒன்றுதான் கெட்டிருந்தாலும்.

லோடு ஏற்றினால் மட்டும் இழுக்கும் வண்டிகளில் பிரேக் முழுவதும் சரியாக இருக்கவும் கூடும். முன் ஸ்பிரிங் பட்டையை அச்சோடு பிணைக்கும் யூ போல்ட்டுகள் தளர்ந்து, சென்டர் போல்ட் அறுந்திருந்தால், மிதிக்கும்போது அச்சு ஒரு பக்கம் பின்னுக்கு நகரும். முன் அச்சிலிருந்து பின் அச்சுவரை இரு பக்கமும் நாடா பிடித்து அளந்தால் அது தெரிந்துவிடும். போல்ட்டுகள் சரியாக இருந்தும் பட்டை தளர்ந்து போயிருந்தால், பிரேக்கின் விசையில் அச்சே சற்று முன்னோக்கிச் சுழலும். அப்போது ஸ்டியரிங் கையோடு சேர்ந்த இணைப்புத் தண்டு, ஓட்டுநர் திருப்பாமலேயே சக்கரத்தைத் திருப்பிவிடும். இதற்கு லைனிங் எத்தனை முறை மாற்றினாலும் பயனில்லை.

தரைக்கல் வண்டியைத் திருப்பிக் கொடுக்கும் முன் காலியாக ஓட்டிப் பார்த்ததோடு நிறுத்தவில்லை. லோடு ஏற்றியபின் ஒருமுறை பட்டறைக்குக் கொண்டுவரச் சொல்லி, ஓட்டத்தின் சூடு இருக்கும்போதே நான்கு டிரம்களின் வெப்பத்தையும் அளந்து, தண்டுகளின் ஓட்டத்தை மறுபடி எடுத்தேன். முன் இரண்டும் ஏறத்தாழ ஒரே சூட்டில் இருந்தன. பின் வலது மட்டும் சற்றுக் குளிர்ந்திருந்தது. அதன் கேம் புஷ் தேய்ந்திருந்ததைக் காட்டி, அடுத்த நடைக்கு முன் மாற்றியாக வேண்டும் என்று வேலைச்சீட்டில் எழுதிக் கொடுத்தேன்.