எந்தச் சல்லிவன்?

அயர்லாந்தில் குடும்ப வேரைத் தேடுகிறேன் என்று யாரிடம் சொன்னாலும் முதலில் வரும் பதில் இதுதான்: "எல்லாம் 1922-லேயே எரிந்துபோச்சே!" பாதி உண்மை. உள்நாட்டுப் போர் தொடங்கிய கையோடு, அந்த ஆண்டு ஜூன் 30 அன்று, டப்ளின் ஃபோர் கோர்ட்ஸ் நீதிமன்ற வளாகத்தில் இருந்த பொது ஆவணக் காப்பகம் வெடித்து எரிந்தது. 1821 முதல் 1851 வரையிலான மக்கள்தொகைக் கணக்குகளில் பெரும்பகுதி அதோடு போனது. ஆனால் 1861, 1871 கணக்குகளை அதற்கு வெகுகாலம் முன்பே அரசே அழித்துவிட்டது. 1881, 1891 தாள்கள் முதல் உலகப் போர் காலத்துக் காகிதத் தட்டுப்பாட்டில் கூழாயின. பழி மட்டும் மொத்தமாக நெருப்பின் தலையில் விழுந்துவிட்டது. நான் தேடிய வரையில், எரியாமல் மிஞ்சிய காகிதம்தான் அதிகத் தலைவலி கொடுத்தது. அதில் எல்லோருக்கும் ஒரே பெயர்.

என் கணவர் கார்க் கவுண்டிக்காரர் (கவுண்டி என்றால் நம் மாவட்டம் மாதிரி). அவருடைய அம்மாவின் தாய்வழி, கவுண்டியின் தென்மேற்குக் கோடியில் இருக்கும் பேரா தீபகற்பத்தைச் சேர்ந்தது. அலிஹீஸ் என்ற சிற்றூருக்குப் பக்கம். அங்கே 1810-களிலிருந்து தாமிரச் சுரங்கம் ஓடிக்கொண்டிருந்தது. 1880-களில் அது படுத்துவிட்டதும், வேலை தெரிந்த ஆட்கள் கூட்டம் கூட்டமாக அமெரிக்காவின் மொன்டானாவில் உள்ள பியூட் நகரத்துச் சுரங்கங்களுக்குப் போனார்கள். மாமியாரிடம் அந்தக் காலத்துப் படம் ஒன்று இருக்கிறது. கெட்டி அட்டையில் ஒட்டிய ஸ்டூடியோ படம், இரண்டு இளம்பெண்கள். கீழே ஸ்டூடியோ பெயரும் 'பியூட், மொன்டானா' என்ற ஊர்ப் பெயரும் அச்சில் இருக்கின்றன. பின்பக்கம் வெறுமை. "ஒருத்தி ஹன்னா, எங்கள் பாட்டிக்கு அக்கா. இன்னொருத்தி யாரென்று தெரியாது" என்பது மாமியார் சொன்னது. இந்த இருவரும் யார் என்று அவருக்குத் தெரிய வேண்டும். பழைய கையெழுத்தைப் படிக்கிற பொறுமை அந்த வீட்டில் எனக்குத்தான் இருந்தது, அதனால் வேலை என்னிடம் வந்தது.

மாமியாரின் அந்தப் பாட்டிக்குப் பிறந்த வீட்டுப் பெயர் சல்லிவன். பாட்டியின் அம்மா ஹாரிங்டன். பேராவில் தடுக்கி விழுந்தால் ஒரு சல்லிவன்மேல் விழலாம், எழுந்தால் கைகொடுப்பவர் ஹாரிங்டனாக இருப்பார். எனவே பெயரை வைத்துத் தேடவே கூடாது என்று ஆரம்பத்திலேயே முடிவு செய்தோம். வேண்டியது டவுன்லாண்ட். அயர்லாந்தில் நிலம் அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட டவுன்லாண்டுகளாகப் பிரிந்து கிடக்கிறது. சில இடங்களில் அது பத்துப் பதினைந்து வீடுகள்தான், தெருவோ கடையோ இருக்காது. ஆனால் ஞானஸ்நானப் பதிவேடு, நிலக் கணக்கு, மக்கள்தொகைக் கணக்கு என எல்லாம் அந்தச் சின்ன அலகில்தான் வந்து நிற்கும். மாமியாரின் ஒன்றுவிட்ட அண்ணன் ஒருவரிடம் போனில் கேட்டோம். அவர் வாயால் சொன்னார், எழுத்துக்கூட்டு அவருக்கே தெரியாது. லொகனிம் என்ற அரசு ஊர்ப்பெயர்த் தளத்தில் ஐரிஷ் வடிவத்தையும் ஆங்கில வடிவத்தையும் பார்த்துப் பொருத்திக்கொண்டோம். அந்த இடத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. இன்றைக்கும் அங்கே நாலைந்து வீடுதான், எழுதினால் இன்னார் வீடு என்று தெரிந்துவிடும்.

இடம் கிடைத்த பிறகு 1901, 1911 கணக்குகளைத் திறந்தோம். 1922-க்கு முந்தைய கணக்குகளில் முழுமையாகத் தப்பியவை இவை இரண்டும்தான். தேசிய ஆவணக் காப்பகத்தின் தளத்தில் இலவசமாகவே பார்க்கலாம். தேடல் பெட்டியில் பெயரைத் தட்டாமல், கவுண்டி, வட்டாரம், டவுன்லாண்ட் என்று படியிறங்கி, அந்த ஊரின் ஒவ்வொரு வீட்டையும் வரிசையாகப் பார்ப்பது நல்லது. யார் பக்கத்து வீடு, யார் வீட்டில் யார் விருந்தாளி என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும். குடும்பப் படிவத்தோடு வீட்டுப் படிவம் என்று தனியாக ஒன்றும் உண்டு. சுவர் கல்லா மண்ணா, கூரை ஓடா கூரைப்புல்லா, முன்பக்கம் எத்தனை ஜன்னல் என்றுகூட எழுதியிருப்பார்கள். மாமியார் அதைத்தான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

1911 படிவத்தில் கல்யாணமான பெண்களிடம் மூன்று கேள்வி கூடுதலாக இருக்கிறது: மணமாகி எத்தனை ஆண்டு, உயிரோடு பிறந்த பிள்ளைகள் எத்தனை, இப்போது இருப்பவர்கள் எத்தனை. பாட்டியின் அம்மா சொல்லியிருந்த கணக்கு 43 ஆண்டு, 11 பிள்ளைகள், இருப்பது 9. குடும்பத்தில் எல்லோருமாகச் சேர்ந்து நினைவுபடுத்திப் பார்த்ததில் ஏழு பெயர்தான் வந்தது. மீதி யார் என்பதுதான் அடுத்த வேலை.

அதற்கு முன் வயது விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் யாரும் இந்தப் பதிவுகளை நம்பிக் குழம்பிவிடுவார்கள். பாட்டியின் அப்பாவுக்கு 1901-ல் வயது 56. 1911-ல் 71. பத்து வருடத்தில் பதினைந்து வயது ஏறியிருக்கிறது! தீபகற்பம் முழுக்கவே இப்படித்தான். காரணம் முதியோர் ஓய்வூதியம். 1908-ல் சட்டம் வந்து 1909 ஜனவரி முதல் எழுபது வயதானவர்களுக்கு வாரம் ஐந்து ஷில்லிங் வரை கொடுத்தார்கள். பிறப்பைப் பதிவு செய்வதோ 1864-ல்தான் தொடங்கியது, ஆகவே கிழவர்கள் யாரிடமும் பிறப்புச் சான்று கிடையாது. அப்போது எரியாமல் இருந்த 1841, 1851 கணக்குகளில் பெயரைத் தேடி வயதை நிரூபித்தார்கள். அப்படித் தேடச் சொல்லிக் கொடுத்த விண்ணப்பப் படிவங்கள் இன்றும் இருக்கின்றன. மூலம் எரிந்துவிட்டாலும், அதிலிருந்து எடுத்தெழுதிய குறிப்பு சில குடும்பங்களுக்கு இப்படி மிஞ்சியது. எங்களுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை.

பிறப்பு, திருமணம், இறப்புப் பதிவேடுகளின் படங்கள் ஐரிஷ் ஜீனியாலஜி என்ற அரசுத் தளத்தில் காசில்லாமல் கிடைக்கின்றன. பிறப்புக்கு நூறாண்டு, திருமணத்துக்கு 75, இறப்புக்கு 50 என்று காத்திருப்புக் காலம் உண்டு, அதைத் தாண்டியவை மட்டும். இங்கே குறுக்கு வழி எதுவும் இல்லை. காசில்டவுன் பதிவு மாவட்டத்தில் 1868-லிருந்து சல்லிவன் குழந்தைகளின் பக்கங்களை ஒவ்வொன்றாகத் திறந்து, டவுன்லாண்ட் சரியா, தாயின் பிறந்த வீட்டுப் பெயர் ஹாரிங்டனா என்று பார்க்க வேண்டும். இரண்டும் பொருந்தினால் மட்டும் எடுத்துக்கொள்வோம். தேவாலயப் பதிவுகளில் இன்னொரு விசித்திரம். பேரா இருப்பது கார்க் கவுண்டியில், ஆனால் கத்தோலிக்க மறைமாவட்டம் கெர்ரி. கார்க் என்று கொடுத்தால் ஒன்றும் வராது, கெர்ரி என்று கொடுத்தால் கொட்டும். பதிவேட்டின் அசல் பக்கத்தைப் பார்க்க விரும்பினால் தேசிய நூலகம் 2015-ல் வெளியிட்ட மைக்ரோஃபிலிம் படங்கள் இருக்கின்றன. சில பக்கங்களில் மை ஊறிப்போய் ஒன்றும் புரியாது. சில பாதிரியார்களின் கையெழுத்து முத்துமுத்தாக இருக்கும்.

பெயர்களைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. வீட்டில் ஐரிஷ், பள்ளியிலும் அலுவலகத்திலும் ஆங்கிலம், கோவிலில் லத்தீன். ஒரே ஆளுக்கு மூன்று பெயர். வீட்டில் டீர்மிட் என்றால் அரசுப் பதிவில் ஜெரமையா. தைக் என்பவர் திமதி. டொனக்கா என்பவர் டெனிஸ். கோப்னெட் என்ற பெண்ணை அபிகெயில் என்று எழுதுவார்கள், ஒலியில் எந்தச் சம்பந்தமும் கிடையாது. சல்லிவனுக்கு முன்னால் 'ஓ' ஒரு பதிவில் இருக்கும், அடுத்ததில் இருக்காது. ஐரிஷ் மறுமலர்ச்சி வந்த பிறகு விட்ட 'ஓ'வைப் பலர் திரும்பப் போட்டுக்கொண்டார்கள். அண்ணனுக்கு 'ஓ' உண்டு, தம்பிக்கு இல்லை என்பதும் நடக்கும்.

எங்கள் சிக்கல் ஹன்னா என்ற பெயரில்தான். ஜொஹன்னாவையும் ஹன்னா என்று கூப்பிடுவார்கள், ஹொனோராவையும் கூப்பிடுவார்கள். ஹொனோரா நோராவாகவும் ஆகலாம். பதிவேட்டிலிருந்து பதினொரு பிள்ளைகளும் கிடைத்தபோது, அதில் இரண்டு ஜொஹன்னா, ஒரு ஹொனோரா. மூத்த ஜொஹன்னா ஒரு வயதுக்குள் இறந்திருக்கிறாள், அதே பெயரைப் பிறகு பிறந்தவளுக்கு வைத்திருக்கிறார்கள். மூத்த மகனுக்கு அப்பாவின் அப்பா பெயர், இரண்டாவது மகனுக்கு அம்மாவின் அப்பா பெயர், மூத்த மகளுக்கு அம்மாவின் அம்மா பெயர் என்பது பொதுவான வழக்கம். பாட்டி பெயரைச் சுமக்க ஒரு பேத்தி இருந்தே ஆக வேண்டும் என்றால், இறந்த குழந்தையின் பெயரை மறுபடியும் வைப்பதில் அவர்களுக்குத் தயக்கம் இல்லை. எனக்கு முதலில் கொஞ்சம் திக்கென்றுதான் இருந்தது.

இந்தப் பெயர் வரிசையை வைத்து ஒரு தலைமுறை மேலே போகவும் முயன்றோம். 1847-க்கும் 1864-க்கும் இடையில் வெளியான கிரிஃபித் நில மதிப்பீடு, யார் எந்த நிலத்தை யாரிடமிருந்து பிடித்திருந்தார் என்று சொல்கிறது. அந்த டவுன்லாண்டில் ஜான் சல்லிவன் மட்டும் மூன்று பேர். எழுதியவர்களுக்கே குழப்பம் வந்து, ஒருவருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறியில் மைக்கேல் என்று அப்பா பெயரைப் போட்டிருந்தார்கள். அட, நம்ம இனிஷியல்! அதைப் பார்த்ததும் எனக்கு ஏதோ சொந்த ஊர்ப் பட்டாவைப் படிக்கிற தெம்பு வந்துவிட்டது. அங்கிருந்து கீழே வர மதிப்பீட்டு அலுவலகத்தின் திருத்தப் புத்தகங்கள் உதவின. குத்தகைதாரர் மாறும்போதெல்லாம் பழைய பெயரை அடித்துவிட்டு வேறு நிற மையில் புதிய பெயரும், ஓரத்தில் ஆண்டும் எழுதியிருப்பார்கள். ஆண்டைப் பிடித்துக்கொண்டு இறப்புப் பதிவைத் தேடலாம். இறப்பு கிடைக்காவிட்டால் மகன் கல்யாணத்தைத் தேடுங்கள், நிலத்தை அப்போதே கைமாற்றியிருப்பார்கள்.

சரி, படத்துக்கு வருகிறேன். இரண்டு பெண்களுக்கும் தோளில் பலூன்போல ஊதி, முழங்கைக்குக் கீழே ஒட்டிக்கொண்டு போகும் கை. அந்த மோகம் உச்சத்தில் இருந்தது 1890-களின் நடுவில். கிராமத்தில் பழைய உடுப்பைப் பத்து வருடம் போடுவார்கள் என்பது உண்மைதான். ஆனால் ஊருக்கு அனுப்பப் படம் எடுக்கிற இளம்பெண்கள் இருப்பதிலேயே புதியதைத்தான் போட்டிருப்பார்கள் என்று வைத்துக்கொண்டோம். முன்னும் பின்னும் நல்ல தெளிவில் ஸ்கேன் செய்துவிட்டு அசலை உறையில் போட்டு வைத்தோம். முகத்தைத் 'தெளிவாக்கும்' செயலிகளில் போடவில்லை. அவை இல்லாத கண்ணையும் மூக்கையும் தாமாக வரைந்து வைக்கும், அப்புறம் மாமியார் சாயல் தேடி உட்கார்ந்துவிடுவார்.

படம் 1895-ஐ ஒட்டியது என்றால் ஹன்னா அதற்குள் கப்பல் ஏறியிருக்க வேண்டும். அந்தக் காலத்தில் குயின்ஸ்டவுன் என்று பெயர், இன்றைய கோவ் துறைமுகம். எல்லிஸ் தீவு நிலையம் 1892 ஜனவரி 1-ல் திறந்தபோது முதலில் இறங்கியவரே கார்க் கவுண்டியிலிருந்து போன ஆனி மூர் என்ற பெண்தான். எங்கள் ஆளைக் கப்பல் பட்டியலில் பிடிக்க முடியவில்லை. சல்லிவன் என்ற பெயரில் அத்தனை பெண்கள் போயிருக்கிறார்கள், எது யார் என்று சொல்ல ஆதாரம் போதவில்லை. பிடி கிடைத்தது அமெரிக்காவின் 1900 மக்கள்தொகைக் கணக்கில். அதில் பிறந்த மாதம், ஆண்டு, குடியேறிய ஆண்டு மூன்றையும் கேட்டிருப்பார்கள். பியூட்டில் ஒரு விடுதி வீட்டில் ஹன்னா சல்லிவன், வேலைக்காரி, பிறந்தது 1874 ஜனவரி. நம் ஜொஹன்னாவின் அரசுப் பதிவில் பிறந்த நாள் 1874 பிப்ரவரி நடுவில். ஆனால் ஞானஸ்நானமோ ஜனவரி கடைசியிலேயே நடந்திருக்கிறது! பிறக்கும் முன்பே ஞானஸ்நானம் எப்படி? பதிவு செய்யத் தாமதித்தால் அபராதம் என்பதால் அப்பாக்கள் தேதியைத் தள்ளிச் சொல்வது சகஜம். இரண்டும் முரண்பட்டால் தேவாலயத் தேதியை நம்புங்கள்.

ஹொனோரா 1901-ல் அப்பா வீட்டிலேயே இருக்கிறாள். போய்விட்டுத் திரும்பியவர்களும் உண்டு என்பதால் அதை மட்டும் வைத்து முடிவு செய்யவில்லை. மொன்டானாவில் ஹன்னாவின் இறப்புச் சான்றில் பெற்றோர் பெயராக எங்கள் சல்லிவனும் ஹாரிங்டனும் இருந்த பிறகுதான் மாமியாரிடம் சொன்னோம். அவர் உடனே பென்சில் எடுத்து, படம் வைத்திருந்த உறையில் முழுப் பெயரையும் ஆண்டையும் எழுதினார். பேனா வேண்டாம் என்று முன்பே சொல்லி வைத்திருந்தேன்.

இரண்டாவது பெண் இன்னும் தெரியவில்லை. மரபணுச் சோதனையும் செய்து பார்த்தோம். மொன்டானாவில் உறவுகள் ஏராளமாக வந்தன, அதுதான் பிரச்சினை. தலைமுறை தலைமுறையாகப் பக்கத்துப் பக்கத்து டவுன்லாண்டுகளுக்குள்ளேயே கொண்டு கொடுத்ததால், தூரத்து உறவும் கிட்டத்து உறவாகவே காட்டுகிறது. அதில் ஒரு வீட்டுக்காரர் மட்டும் அவர்களிடம் இருக்கும் படங்களை ஸ்கேன் செய்து அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார்.

மாமியாருக்கு இப்போது வேறொரு ஆர்வம் பிடித்துக்கொண்டது. சுதந்திர நாடானபின் எடுத்த முதல் கணக்கு 1926 ஏப்ரல் 18 இரவுக்கானது, நூறாண்டு கழித்தே திறக்கலாம் என்பது சட்டம். அதில் அவருடைய அம்மா எட்டு வயதுச் சிறுமி, பாட்டிக்கு நாற்பது. "நாற்பது என்றா சொல்லியிருப்பாள்? முப்பத்தைந்துக்கு மேல் ஒரு நாள் ஒத்துக்கொண்டிருக்க மாட்டாள்" என்று என் கணவரிடம் பந்தயம் கட்டியிருக்கிறார்.