போலோ நெக்குன்னா காலர் இல்லைங்க

திருப்பூரில் "போலோ" என்று சொன்னால் டீக்கடைப் பையனுக்குக்கூடத் தெரியும். காலர், இரண்டு பட்டன், அரைக்கை. ஒரு பனியன் கம்பெனியில் ஆர்டர்களைப் பார்த்துக்கொள்கிற மெர்ச்சண்டைசராக நான் சேர்ந்த இரண்டாவது மாதம், எங்களிடம் உடுப்பு வாங்குகிற இங்கிலாந்து பயர் (buyer) ஒருவரிடமிருந்து ஒரு மெயில் வந்தது. அளவும் தையல் விவரமும் சொல்கிற டெக் பேக் இல்லை, படம் இல்லை, நாலே வரி. லேடீஸ் போலோ நெக், முழுக்கை, காட்டன் லைக்ரா ரிப் (கோடுகோடாக, இழுத்தால் நீள்கிற பின்னல் துணி), கறுப்பு. சாம்பிள் மூன்று பீஸ்.

பேட்டர்ன் மாஸ்டரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் துணியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "ஏனுங் தம்பி, இது ரிப்புங்களே. ரிப்புல யாருங்க போலோ கேப்பாங்க? பட்டன் பட்டி நிக்காதுங்களே" என்றார். "எழுதியிருக்கு மாஸ்டர், அடிங்க" என்றேன். படித்த திமிர். அவர் மேற்கொண்டு எதுவும் பேசவில்லை. பட்டி இழுத்துக்கொள்ளாமல் இருக்க உள்ளே கேன்வாஸ் வைத்து, காலர் போட்டு, பட்டன் கட்டி, அழகாகவே அடித்துக் கொடுத்தார். கூரியரில் அனுப்பினோம்.

அந்த அம்மா ரொம்ப மரியாதையாகத்தான் பதில் போட்டிருந்தார். நீங்கள் அனுப்பியது போலோ ஷர்ட், நான் கேட்டது போலோ நெக். கூடவே ஒரு படம். படத்தில் இருந்தது கழுத்தை முழுக்க மூடி, மேலே வந்து, வெளிப்பக்கம் மடிந்து விழுகிற பனியன். "அட, டர்டில் நெக்!" என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

அமெரிக்காக்காரர்களுக்கு டர்டில் நெக். ஓட்டுக்குள்ளிருந்து ஆமை தலையை நீட்டுகிற மாதிரி. பிரிட்டிஷ்காரர்களுக்கு அதுவே போலோ நெக், இல்லாவிட்டால் ரோல் நெக். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் குதிரையேறிப் போலோ ஆடியவர்கள் இந்த மாதிரிக் கழுத்து வைத்த ஸ்வெட்டர் போட்டதால் வந்த பெயர். நம்ம ஊர் போலோவின் கதை வேறு. அது 1920களில் ரெனே லாகோஸ்ட் டென்னிஸ் ஆடப் போட்டுக்கொண்ட அரைக்கைச் சட்டை. பிறகு போலோ ஆட்டக்காரர்களும் அதை எடுத்துக்கொள்ள, பெயர் அதற்கும் ஒட்டிக்கொண்டது. ஒரே ஆட்டத்தின் பெயரில் இரண்டு உடுப்பு. நடுவில் மாட்டிக்கொண்டது நான்.

மறு சாம்பிள் அடிக்கும்போது மாஸ்டர் பக்கத்திலேயே நின்றேன். கழுத்து ரிப் நிமிர்த்தினால் 18 செ.மீ., மடித்தால் 9. அதைக் குழாய் மாதிரி மூட்டுகிற தையல் பின்கழுத்தில் வரும். ஒரே பக்கமாக ஓவர்லாக் தையல் ஓட்டினால், மடித்ததும் உள்தையல் வெளியே பல்லைக் காட்டும். மாஸ்டர் பாதி தூரம் ஒரு பக்கம் ஓட்டி, அங்கே கத்தரியால் சின்னதாக ஒரு நாட்ச் வெட்டி, துணியைத் திருப்பி, மீதியை மறுபக்கம் ஓட்டினார். மடித்துக் காட்டினார். தையலைத் தேடினேன், கிடைக்கவில்லை. பிறகு கழுத்தை இரண்டு கையாலும் இழுத்து, "தல நொழையோணுமுங், அதாங் மொத டெஸ்ட்டு" என்றார். மடிக்காமல் ஐந்தாறு செ.மீ. நிற்கிறது மாக் நெக். ஸ்டீவ் ஜாப்ஸ் போட்டது அதுதான், இஸ்ஸே மியாகே செய்து கொடுத்தது. எல்லோரும் அதை டர்டில் நெக் என்கிறார்கள். எங்கள் ஃப்ளோரில் அப்படிச் சொன்னால் மாஸ்டர் விடமாட்டார்.

அதிலிருந்து இந்தக் கழுத்துக்கு யார் யார் என்ன பேர் வைத்திருக்கிறார்கள் என்று கவனிப்பது ஒரு பழக்கமாகிவிட்டது. ஐரோப்பாவுக்குப் போகிற உடுப்பில் தொங்கவிடுகிற ஹேங் டேக் அட்டையில் நாலைந்து மொழி இருக்கும். போலந்து மொழியில் இதற்கு "கோல்ஃப்" என்று பார்த்தபோது, அடுத்த ஆட்டமா என்று சிரித்துவிட்டேன். இத்தாலிக்காரர்களுக்கு "தோல்சேவீத்தா", 1960இல் வந்த ஃபெலினி படத்தின் பெயர். மாக் நெக்குக்கு அவர்கள் சொல்வது "லுப்பெத்தோ", ஓநாய்க்குட்டி. ஹங்கேரியில் "கார்போ", நடிகை கிரேட்டா கார்போ பெயரால். ஸ்பானிஷில் அன்னக் கழுத்து என்றும் சொல்வார்கள். ஜப்பானில் பழைய ஆட்கள் "தொக்குரி" என்பார்களாம், சாக்கே மது ஊற்றி வைக்கிற குறுகிய கழுத்துக் குடுவை. எனக்குப் பிடித்தது அதுதான். ஆமையைவிடப் பொருத்தம்.

ஆஸ்திரேலியாக்காரர்கள் மெல்லிய காட்டனில் தைத்ததை "ஸ்கிவ்வி" என்கிறார்கள். அதே சொல்லைப் பன்மையில் அமெரிக்காவில் சொன்னால் உள்ளாடை. பனியன், ஜட்டி தைக்கிற ஊரில் இருந்துகொண்டு இந்தச் சொல்லில் தப்பு பண்ணினால் என்ன சாம்பிள் போயிருக்கும் என்று நினைத்துப் பார்ப்பதுண்டு.

தமிழில் என்ன சொல்வது? "ஆமைக் கழுத்து" என்று மொழிபெயர்த்தால் போடுகிறவர் கோபித்துக்கொள்வார். ஃப்ளோரில் எல்லோருக்கும் ஹை நெக்தான், மாக் ஆனாலும் டர்டில் ஆனாலும். எனக்கு அது போதாது, சென்டிமீட்டர் எழுதாமல் ஆர்டர் ஷீட்டில் கையெழுத்துப் போடமாட்டேன்.

போன மாதம் திருப்பூர் காதர்பேட்டையில் ஒரு கடையில் எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ் குவியலுக்கு நடுவே கறுப்பு ரிப்பில் ஒன்று தொங்கியது. பின்கழுத்தை மடித்துப் பார்த்தேன், தையல் வெளியே தெரிந்தது. "இதுக்குப் பேர் என்னங்க?" என்று கடைக்காரரைக் கேட்டேன்.

"இதுங்களா? ஊட்டி பனியனுங்க" என்றார்.