விடியற்காலை ஐந்து மணிக்கு கோல்ஃப்

கொடைக்கானலில் மே மாதத்திலும் விடியற்காலையில் போர்வையை விட்டு வர மனசு வராது, நானோ போர்வைக்குள்ளேயே போனில் அமெரிக்கக் கல்லூரிப் பெண்களின் கோல்ஃப் ஸ்கோரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கலிஃபோர்னியாவில் மாலை நாலரை என்றால் நமக்கு அதிகாலை ஐந்து, என்ன செய்வது. 2025 என்.சி.ஏ.ஏ. (அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு அமைப்பு) இறுதிப் போட்டி, அங்கே கார்ல்ஸ்பாடில். முந்தின வருட சாம்பியன் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்துக்கு எதிரே நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகம்.

முதல் சில நாள் எல்லா அணியும் ஸ்ட்ரோக் கணக்கில், அதாவது மொத்தம் எத்தனை அடி என்று எண்ணி ஆடும் (குறைவாக அடித்தவர் மேலே), ஐந்து பேரில் சிறந்த நாலு ஸ்கோர்தான் சேரும். அதில் முதல் எட்டு அணிக்கு மட்டும் மேட்ச் பிளே: ஐந்து ஜோடி, ஒருத்திக்கு ஒருத்தி, மூன்று ஜெயித்தால் போதும். 2015-லிருந்து இப்படித்தான். அதுவரை அடித்த அடியெல்லாம் அங்கே செல்லாக்காசு, அதுதான் எனக்குப் பிடித்தது!

மாமா இங்கே கோல்ஃப் மைதானத்தில் ஆடுபவர்களின் மட்டைப் பையைச் சுமக்கும் கேடியாக (caddie) இருந்தவர். டீ டம்ளரோடு எட்டிப் பார்த்து, "புல்லுல ஒரு காட்டுமாடுகூட நிக்கலையே, அப்புறம் என்ன கஷ்டம்?" என்றார். நார்த்வெஸ்டர்ன் 3-2 என்று ஜெயித்ததும் அவரே குடையைத் தலைகீழாகப் பிடித்து, சமையலறை வாசலில் ஒரு எலுமிச்சம்பழத்தை உருட்டிக் காட்டினார். பழம் அடுப்புக்கடியில் போய்விட்டது.