பழைய ஸ்விட்ச்சுகளின் ஃபைபர் போர்ட்டுகளைச் சுத்தம் செய்வது

அலுவலகங்கள் கழித்துவிட்ட நெட்வொர்க் ஸ்விட்ச்சுகளை (கணினிகளை ஒரே வலையமைப்பாக இணைக்கும் கருவிகளை) வாங்கி வீட்டில் பயிற்சிக்காக இயக்குபவர்கள் அடிக்கடி சொல்லும் குறை, ஃபைபர் போர்ட்டில் (ஒளியிழைக் கம்பியைச் செருகும் இடத்தில்) லிங்க், அதாவது இணைப்பு, வரவில்லை அல்லது வந்து வந்து போகிறது என்பதுதான். உடனே மாட்யூல் (போர்ட்டில் செருகப்படும், மின்சமிக்ஞையை ஒளியாகவும் ஒளியை மின்சமிக்ஞையாகவும் மாற்றும் சிறு கருவி) செத்துவிட்டது என்று முடிவு கட்டி அதைக் குப்பையில் போடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. முதலில் அழுக்கைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

ஒளி ஒரே பாதையில் செல்லும் சிங்கிள்மோட் இழையில் அதன் மையத்தின் விட்டம் ஏறத்தாழ 9 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). சுற்றியுள்ள கண்ணாடி உறையையும் சேர்த்தால் 125 மைக்ரான். ஆகவே கண்ணுக்குத் தெரியாத ஒரு துகள் அந்த மையத்தின்மேல் அமர்ந்தாலே ஒளியில் கணிசமான பங்கு தடைபடுகிறது. 3 டெசிபல் இழப்பு என்றால் பாதி ஒளி போய்விட்டது என்று பொருள். மையம் 50 அல்லது 62.5 மைக்ரான் கொண்ட, ஒளி பல பாதைகளில் செல்லும் மல்டிமோட் இழை சற்றுப் பொறுத்துக்கொள்ளும். இதைவிடப் பெரிய கேடு, துடைக்காமல் செருகுவதால் வருகிறது. இரண்டு கனெக்டர்களின் முனைகளும் ஸ்பிரிங் அழுத்தத்தில் ஒன்றையொன்று தொட்டு நிற்பதால், இடையில் சிக்கிய துகள் நசுங்கிக் கண்ணாடியில் கீறலோ பள்ளமோ ஏற்படுத்திவிடும். அதன்பின் எவ்வளவு துடைத்தாலும் அது போகாது.

வேலையைத் தொடங்குமுன் மாட்யூலை ஸ்விட்ச்சிலிருந்து கழற்றிவிடுங்கள். 1310, 1550 நானோமீட்டர் ஒளி கண்ணுக்குத் தெரியாது. தெரியவில்லை என்பதற்காக அது கண்ணுக்குத் தீங்கு செய்யாது என்று எண்ணி, இயங்கும் போர்ட்டுக்குள் எட்டிப் பார்க்கக் கூடாது.

எஸ்எஃப்பி எனும் சிறிய மாட்யூல்கள் எல்சி (சிறிய முனை கொண்ட கனெக்டர்) வகை என்பதால் 1.25 மில்லிமீட்டர் கிளிக் கிளீனர் (பேனா போன்ற துடைப்பான்) தேவை. சிஸ்கோவின் கேட்டலிஸ்ட் 3550-12ஜி போன்ற பழைய ஸ்விட்ச்சுகளில் உள்ள ஜிபிக் (எஸ்எஃப்பிக்கு முந்தைய, பெரிய) மாட்யூல்கள் எஸ்சி (பெரிய முனை கொண்ட கனெக்டர்) வகை, அவற்றுக்கு 2.5 மில்லிமீட்டர் வேண்டும். கிளீனரைச் சாய்க்காமல் நேராக நுழைத்து, கிளிக் சத்தம் கேட்கும் வரை அழுத்தினால் உள்ளேயுள்ள நூல் நகர்ந்து முனையைத் துடைக்கும். மாட்யூலின் துளைக்குள் ஆல்கஹாலை விடுவதை மட்டும் தவிர்த்துவிடுங்கள். பல மாட்யூல்களில், குறிப்பாக ஒளியை வாங்கும் பக்கத்தில், இழை முனைக்குப் பதிலாக லென்ஸ் இருக்கும். உள்ளே புகுந்த திரவம் வெளியேற வழியில்லாமல் காய்ந்து அங்கேயே கறையாகப் படிந்துவிடும். காற்று டப்பாவால் ஊதுவதும் எனக்கு உடன்பாடில்லை, ஏனெனில் அதன் உந்துவாயு சில வேளைகளில் படலமாக ஒட்டிக்கொள்கிறது.

பேட்ச் கார்டின் (இரு முனைகளிலும் கனெக்டர் உள்ள ஒளியிழைக் கம்பியின்) நிலை வேறு. அதன் முனையில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால், பஞ்சு உதிராத துடைதாளின் ஒரு மூலையை மட்டும் 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் நனைத்து, ஈரமான இடத்திலிருந்து உலர்ந்த இடத்தை நோக்கி ஒரே இழுப்பில் துடைக்க வேண்டும். உலர்வாக மட்டும் தேய்த்தால் நிலைமின்சாரம் உண்டாகி மேலும் தூசியை இழுக்கும். விரல் நுனியும் சட்டைத் துணியும் அந்த முனையின் அருகிலேயே வரக் கூடாது.

பலர் கவனிக்காத இன்னொன்று மூடி. பழைய கருவியோடு வரும் பிளாஸ்டிக் மூடிகளின் உட்புறத்திலேயே தூசியும் அச்சுவார்ப்பின் எச்சமும் இருக்கும் என்பதால், மூடியிருந்த போர்ட்டைச் சுத்தமானது என்று நம்பி அப்படியே செருகுவது தவறு. மூடிகளையும் கழுவி உலர்த்தி, மூடும் பையில் போட்டு வைக்கலாம். ஆனால் காலியான போர்ட்டைத் திறந்தே விடுவது அதைவிட மோசம். ஸ்விட்ச்சின் விசிறி அறையின் தூசியை அவ்வழியே உள்ளே இழுக்க வாய்ப்புண்டு.

200 அல்லது 400 மடங்கு பெருக்கிக் காட்டும் ஃபைபர் நுண்ணோக்கி ஒன்று கையில் இருந்தால், துடைப்பதற்கு முன்னும் பின்னும் முனையைப் பாருங்கள். மாட்யூல் டிடிஎம் வசதி (ஒளியின் அளவை மாட்யூலே அளந்து சொல்லும் வசதி) உடையதாக இருந்தால், உள்வரும் ஒளியின் அளவைத் துடைப்பதற்கு முன்பும் பின்பும் குறித்துக்கொள்ளுங்கள். 1000பேஸ்-எல்எக்ஸில் (நொடிக்கு ஒரு கிகாபிட் வேக ஒளியிழை இணைப்பில்) அது மைனஸ் 19 டிபிஎம்மை (ஒளித்திறனின் அலகு) நெருங்கினால் லிங்க் விளிம்பில் நிற்கிறது. ஜிபிக்குகள் பெரும்பாலானவற்றில் இவ்வசதி இராது. அங்கே ஒளியின் அளவைக் காட்டும் பவர் மீட்டர்தான் வழி. இரு முனைகளும் சுத்தமாக இருந்தும் மாட்யூல் அனுப்பும் ஒளியே குறைவாக இருந்தால், லேசர் தேய்ந்துவிட்டது என்று அப்போது சொல்லலாம். மாட்யூலை மாற்ற வேண்டிய கட்டம் அதுதான்.