அமைதியான பிள்ளைக்கும் ஏடிஹெச்டி இருக்கும்: எங்கள் வீட்டு அனுபவம்

ஏடிஹெச்டி, அதாவது கவனக்குறைவும் அதீதத் துறுதுறுப்பும் சார்ந்த குறைபாடு என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது ஓரிடத்தில் உட்காராமல் ஓடுகிற, பெஞ்சு மேல் ஏறிக் குதிக்கிற சிறுவன்தான். என் மகள் அப்படிப்பட்டவள் இல்லை. வகுப்பில் அவளிடமிருந்து சத்தமே வராது. எழுதிக்கொண்டிருக்கும்போதே பென்சில் நின்றுவிடும், பார்வை எங்கோ போய்விடும், அவ்வளவுதான். துறுதுறுப்பு குறைவாகவும் கவனக்குறைவு மேலோங்கியும் இருக்கும் வகை ஒன்று உண்டு. பெண்பிள்ளைகள் பலரிடம் தென்படுவது அந்த வகைதான். யாருக்கும் தொந்தரவு தராத பிள்ளையைப் பற்றி யாரும் புகார் சொல்வதில்லை. அதனால் கண்டுபிடிக்கவும் தாமதமாகிறது. "நல்ல பிள்ளைதான், கொஞ்சம் சோம்பல்" என்ற பேச்சைக் கேட்டுக் கேட்டுச் சலித்த பெற்றோருக்காகவே இதை எழுதுகிறேன்.

எங்களுக்கு வழி திறந்தவர் மூன்றாம் வகுப்பு ஆசிரியை. வாய்மொழியாகக் கேட்டால் முழுப் பதிலையும் சொல்கிறாள், நோட்டைத் திறந்தால் இரண்டாவது வரியோடு நின்றுவிடுகிறாள் என்பதை அவர்தான் கவனித்துச் சொன்னார். முதலில் காதையும் கண்ணையும் பரிசோதிக்கச் சொன்னார். இரண்டும் சரியாக இருந்தன. குழந்தை மருத்துவர் இரத்தசோகையும் தைராய்டும் பார்த்தார், தூக்கம் எப்படி என்று விசாரித்தார். பிறகு குழந்தைகள் மனநல மருத்துவர் ஒருவரிடம் அனுப்பினார்.

மனநல மருத்துவர் என்றதும் வீட்டில் எழுந்த கலக்கத்தைச் சொல்லி முடியாது. ஆனால் அங்கே நடந்தது பெரும்பாலும் பேச்சுதான். வேண்டர்பில்ட் என்ற பெயரில் இரண்டு படிவங்கள் தந்தார். பெற்றோருக்கான படிவத்தில் 55 கேள்விகள், ஆசிரியருக்கானதில் 43. வீடு, பள்ளி என்று குறைந்தது இரண்டு இடங்களிலாவது அறிகுறிகள் தெரிய வேண்டும், ஆறு மாதமாவது தொடர்ந்திருக்க வேண்டும், 12 வயதுக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும் என்பது விதி. இரத்தப் பரிசோதனையாலோ மூளை ஸ்கேனாலோ இதை உறுதிசெய்ய முடியாது. ஸ்கேன் எடுத்தால் தெரிந்துவிடும் என்று யாராவது பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

கூடவே, கற்றல் குறைபாடு, அதாவது வாசிப்பிலோ எழுத்திலோ கணக்கிலோ தனியாக ஒரு சிரமம் இருக்கிறதா என்று உளவியலாளரிடம் தனியாக ஒரு மதிப்பீடும் செய்யச் சொன்னார். அலைச்சல் என்று நினைத்து இதைத் தட்டிக்கழிக்க வேண்டாம். இரண்டும் சேர்ந்தே வருவது சாதாரணம். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 பட்டியலிட்டிருக்கும் 21 வகைகளில் குறிப்பிட்ட கற்றல் குறைபாடு இருக்கிறது. ஏடிஹெச்டி தனியாக இல்லை. பின்னால் தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகை கேட்கும்போது இந்த வேறுபாடு முன்னால் வந்து நிற்கும். என் மகளுக்குக் கற்றல் குறைபாடு இல்லை என்று தெரிந்தது. அதனால் பள்ளியில் எது கேட்டாலும் சட்டத்தைக் காட்டி அல்ல, ஆசிரியர்களோடு பேசித்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

முடிவைச் சொன்ன நாளில் மருத்துவர் சொன்ன ஒன்றுதான் எங்கள் வீட்டையே மாற்றியது. என்ன செய்ய வேண்டும் என்று அவளுக்குத் தெரியும், தெரிந்ததைச் செய்ய வேண்டிய அந்தக் கணத்தில் அது கைக்கு வருவதில்லை என்றார். காலையில் சொல்லும் அறிவுரையும் இரவில் சொல்லும் கண்டிப்பும் அந்தக் கணத்தைத் தொடுவதே இல்லை. உதவி இருக்க வேண்டியது வேலை நடக்கும் இடத்தில், அது நடக்கும் நேரத்தில். ரஸ்ஸல் பார்க்லி என்ற அமெரிக்க உளவியலாளர் பல ஆண்டுகளாக வலியுறுத்திவரும் கருத்து இது. தன்னைத் தானே நிர்வகிக்கும் திறனில் இந்தப் பிள்ளைகள் வயதைவிடச் சுமார் 30 சதவீதம் பின்தங்கியிருப்பார்கள் என்பதும் அவர் சொல்லும் கணக்குதான். ஒன்பது வயதுப் பிள்ளையின் பையை யார் அடுக்குவது என்று யோசித்தால், ஆறு வயதுப் பிள்ளையின் பையை யார் அடுக்குவார்களோ அவர்கள்தான். "இத்தனை வயதாகியும்" என்று தொடங்கும் வாக்கியம் அதோடு எங்கள் வீட்டில் நின்றுபோனது.

உதவியை இடத்துக்குக் கொண்டுபோவது என்றால் என்ன என்று சொல்கிறேன். அடுப்படியிலிருந்து குரல் கொடுப்பதை நிறுத்தினேன். அவள் இருக்கும் அறைக்குப் போய், தோளைத் தொட்டு, கண் என் பக்கம் திரும்பிய பிறகு இரண்டு சொல் மட்டும் சொல்வேன்: "சாக்ஸ் போடு." போட்ட பிறகுதான் அடுத்தது. "பல் தேய்த்து, முகம் கழுவி, யூனிஃபார்ம் போட்டுவிட்டு வா" என்றால் முதல் வேலையிலேயே மற்ற இரண்டும் மறந்துவிடும். வாசல் கதவில், அவள் கண் மட்டத்தில், ஒரு சிறிய வெள்ளைப் பலகை மாட்டினோம். தண்ணீர் பாட்டில், டிஃபன் பாக்ஸ், ஐடி கார்டு, டைரி ஆகிய நான்கையும் அவளே படமாக வரைந்தாள். வெளியே போகுமுன் ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்து டிக் அடிப்பாள். முதலில் இதே பட்டியலை அவளுடைய படிப்பு மேசையில் ஒட்டலாம் என்றார் என் கணவர். பாட்டிலை எடுக்க வேண்டியது கதவருகே என்பதால் பட்டியலும் அங்கேதான் வேண்டும் என்று நான் விடவில்லை.

நேரம் என்பது இந்தப் பிள்ளைகளுக்குக் கண்ணுக்குத் தெரியாத பொருள். "இன்னும் இருபது நிமிடம்தான்" என்றால் அவளுக்கு ஒன்றும் புரியாது. சுவர்க் கடிகாரத்தின் கண்ணாடி மேல் ஏழு மணி இருபதிலிருந்து ஏழு நாற்பது வரை மஞ்சள் தாளை வெட்டி ஒட்டினேன். பெரிய முள் மஞ்சளுக்குள் இருக்கும்வரை சாப்பாடு. மஞ்சளைத் தாண்டினால் ஷூ. காசு செலவில்லாத இந்த ஏற்பாடு செய்த உதவியை விலைக்கு வாங்கிய எந்த டைமரும் செய்யவில்லை.

வீட்டுப்பாடம்தான் மிகக் கடினமான பகுதி. பள்ளி விட்டு வந்ததும் உட்கார வைப்பதில்லை. சாப்பிட்டுவிட்டு, வியர்க்கும் அளவுக்குச் சைக்கிள் ஓட்டிவிட்டுத்தான் நோட்டைத் திறப்பாள். நான் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருப்பேன். கேள்வி கேட்பதில்லை, திருத்துவதில்லை, போனும் கையில் இருக்காது. பக்கத்தில் ஒருவர் தம் வேலையைப் பார்த்துக்கொண்டிருப்பதே அவளை இருக்கையில் நிறுத்தி வைக்கிறது. கணக்குப் பக்கத்தைப் பாதியாக மடித்துவிடுவேன், கண்ணில் ஐந்து கணக்குதான் தெரியும். அது முடிந்ததும் மொட்டைமாடிக்குப் போய் காய்ந்த துணியில் நான்கு எடுத்து வர வேண்டும். பிறகு அடுத்த ஐந்து. வாய்ப்பாட்டை முற்றத்தில் நடந்துகொண்டேதான் சொல்வாள். உட்கார்ந்து சொன்னால் ஏழாம் வாய்ப்பாடு நடுவில் அறுந்துவிடும்.

பரிசுக்கு எங்கள் வீட்டில் புளியங்கொட்டை. ஒரு வேலை முடிந்த அந்த நிமிடமே கண்ணாடி பாட்டிலில் ஒன்று விழும். ஒரு வாரம் கழித்து வாங்கித் தருகிறேன் என்ற வாக்குறுதிக்கு இவர்களிடம் வலு இல்லை. பரிசு உடனே கண்ணில் தெரிய வேண்டும். பத்துக் கொட்டை சேர்ந்தால் அப்பாவோடு ஒரு தாயக்கட்டை ஆட்டம், அல்லது இரவு உணவு என்ன என்று அவள் தீர்மானிக்கலாம். ஒருமுறை விழுந்த கொட்டையை எந்தக் கோபத்திலும் திரும்ப எடுப்பதில்லை என்பது கண்டிப்பான விதி. சில வாரங்களில் சுவாரஸ்யம் போய்விடும். அப்போது சோழிக்கு மாறுவோம். திட்டம் தோற்றுவிட்டது என்று அதற்கு அர்த்தமில்லை. புதுமை தேய்வது இந்தக் குறைபாட்டின் இயல்பு, அதனால் மாற்றிக்கொண்டே இருப்பதும் திட்டத்தில் சேர்த்திதான்.

ஆச்சிக்கு, அதாவது என் மாமியாருக்கு, இதெல்லாம் செல்லம் கொடுப்பதாகத் தோன்றியது. இனிப்பைக் குறைத்தால் சரியாகும் என்றார். சர்க்கரைக்கும் குழந்தைகளின் நடத்தைக்கும் தொடர்பு இல்லை என்று பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த கட்டுரை 1995இலேயே வந்துவிட்டது என்று மருத்துவர் சொன்னதை அவரிடம் சொன்னேன். வல்லாரை கொடுக்கச் சொன்னார். துவையலாக எல்லோரும் சாப்பிடுகிறோம், சிகிச்சையாக இல்லை. ஆச்சியின் மனம் மாறியது வேறு விதத்தில். இந்தக் குறைபாட்டில் மரபணுவின் பங்கு மிகப் பெரிது, இரட்டையர் ஆய்வுகளில் 70 சதவீதத்துக்கும் மேல் என்று மருத்துவர் விளக்கியபோது என் கணவர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வந்து, "அம்மா, நானும் இப்படித்தானே இருந்தேன்" என்றார். மகன் தொலைத்த குடைகளையும் வாங்கிய அடிகளையும் ஆச்சி அன்று மாலை முழுக்கச் சொன்னார். இப்போது புளியங்கொட்டைக்குப் பொறுப்பு அவர்தான்.

மருந்தைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. ஆறு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு முதலில் பெற்றோருக்கான பயிற்சிதான். அதற்கு மேற்பட்டவர்களுக்கு மருந்தும் பயிற்சியும் சேர்த்து என்பது அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கத்தின் 2019 வழிகாட்டுதல். 579 குழந்தைகளை 14 மாதம் பின்தொடர்ந்து 1999இல் வெளியான ஆய்வில், இரண்டையும் சேர்த்துப் பெற்றவர்களுக்குக் குறைந்த அளவு மருந்தே போதுமானதாக இருந்தது. நாங்கள் முதலில் வீட்டு ஏற்பாடுகளை மட்டும் செய்து பார்த்தோம். காலை நேரம் சீரானது. எழுத்து சீராகவில்லை. அதன் பிறகு சம்மதித்தோம்.

அவளுக்குத் தந்த மெத்தில்ஃபெனிடேட், போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் பட்டியலில் இருக்கும் மருந்து. மருத்துவர் சீட்டு இல்லாமல் கிடைக்காது, எல்லா மருந்துக் கடைகளிலும் இருப்பும் வைக்க மாட்டார்கள். மாத்திரை தீர்வதற்கு ஒரு வாரம் முன்பே அசல் சீட்டோடு கடைக்குப் போய்விடுகிறோம். பசி குறையும் என்று முன்பே எச்சரித்திருந்தார்கள். மதிய டிஃபன் பாதி அப்படியே திரும்பி வந்தது. அதனால் மாத்திரைக்கு முன் காலையில் இட்லியோடு முட்டை, மருந்தின் வேகம் அடங்கிய பிறகு இரவில் நிறைவான சாப்பாடு, படுக்கும்முன் பாலும் பழமும் என்று மாற்றினேன். ஒவ்வொரு முறையும் எடை, உயரம், இரத்த அழுத்தம் பார்க்கிறார்கள். அவள் மந்தமாகிவிடுவாளோ என்று பயந்தேன், ஆகவில்லை. அதே பேச்சு, அதே சிரிப்பு. தொடங்கிய வாக்கியம் முற்றுப்புள்ளி வரை போகிறது. சில குழந்தைகளுக்கு இது ஒத்துக்கொள்ளாது, அவர்களுக்கு வேறு மருந்துகள் உண்டு. அளவு, வகை, நிறுத்துவது எல்லாம் மருத்துவர் தீர்மானிக்க வேண்டியவை. பக்கத்து வீட்டார் சொல்லி நிறுத்தக் கூடாது.

செலவுக்கு அஞ்சுபவர்களுக்கு ஒரு தகவல். அரசுப் பள்ளிகளுக்கு வரும் சிறார் நலத் திட்ட மருத்துவக் குழுக்கள் பார்க்க வேண்டிய 30 நிலைகளில் ஏடிஹெச்டியும் ஒன்று. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் பலவற்றில் செயல்படும் மாவட்ட ஆரம்பகால இடையீட்டு மையங்களுக்கு அவர்கள் அனுப்பிவைப்பார்கள். தனியாரில் பணம் கொட்டுவதற்கு முன் அங்கே கேட்டுப் பாருங்கள். யாரிடம் பேசுவது என்றே தெரியாதவர்கள் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணை இலவசமாக அழைக்கலாம்.

பள்ளியில் நான் கற்றுக்கொண்டது, நோயைப் பற்றி நீளமாக விளக்கக் கூடாது என்பது. நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு திணறும் ஆசிரியருக்கு அது இன்னொரு பாரம். நாளை காலையே செய்யக்கூடிய சிறிய காரியமாகக் கேட்டால் செய்துவிடுகிறார்கள். ஜூனில் அவளுக்குப் புதிய வகுப்பு, புதிய ஆசிரியை. அவருக்காக ஒரு பக்கத் தாள் எழுதிவைத்திருக்கிறேன். ஜன்னலை விட்டு விலகி முன் வரிசையில் உட்கார வையுங்கள். பார்வை எங்கோ போனால் பெயர் சொல்லி அழைக்காமல் மேசையை மெல்லத் தட்டுங்கள். நோட்டுகளைப் பகிர்ந்து கொடுக்கும் வேலையை அவளுக்குத் தாருங்கள், எழுந்து நடந்தால் அடுத்த அரைமணி நேரம் நன்றாக எழுதுவாள். ஒரே மாதிரியான இருபது கணக்கில் பத்துப் போதும் என்று அனுமதியுங்கள். டைரியில் வீட்டுப்பாடம் எழுதியிருக்கிறாளா என்று கடைசி மணிக்கு முன் ஒருமுறை பாருங்கள். எழுதி முடிக்கவில்லை என்பதற்காக விளையாட்டு வகுப்பை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.