மணி எலும்புன்னு நினைச்சது

விடிய விடிய மழை. காலையில பெங்களூரு அல்சூர் வீட்டுப் பின்பக்கம் மணியும் ராணியும் எதையோ சுத்திச் சுத்திக் குரைக்குதுங்க. போய்ப் பார்த்தா நட்சத்திர ஆமை! எங்கிருந்து வந்துச்சோ. ஓட்டு ஓரத்துல மணியோட பல் தடம். எலும்புன்னே நினைச்சுட்டான் படவா. ஓடு வெறும் கூடு இல்லைங்க, நரம்பும் ரத்த ஓட்டமும் உண்டு. கடிச்சா வலிக்கும்.

"வீடு தேடி வந்த லட்சுமி, விட்டுடாதே"ன்னாங்க பக்கத்து வீட்டு அக்கா. லட்சுமிதான் அக்கா, ஆனா 1972 வனவிலங்குச் சட்டப்படி வீட்டுல வளர்க்கக் கூடாத லட்சுமி. இந்த அதிர்ஷ்டப் பேச்சாலதானே இதுங்களைக் கடத்தி விக்கிறாங்க.

வனத்துறைக்கு போன் பண்ணினேன். மறுநாள்தான் வர முடியுமாம். அந்த ஒரு ராத்திரி இருக்கே! அம்மா அதுக்குள்ள வாளி நிறைய தண்ணி பிடிச்சு அதுல விடப் போனாங்க. "அய்யோ, இது தரை ஆமைம்மா, மூழ்கிடும்"னு பிடுங்கினேன். பாத்ரூம்ல அட்டைப்பெட்டியைச் சாய்ச்சு வச்சு, தட்டுல கொஞ்சூண்டு தண்ணி. அருகம்புல்லும் செம்பருத்தி இலையும் பூவும் போட்டேன். ஆமை மகாராணி பூவை மட்டும் பொறுக்கித் தின்னாங்க. பால், சோறு, நாய்த்தீனி எதுவும் ஆகாது. புரதம் கூடினா அதோட உடம்புக்கு நல்லதில்லை. தொட்ட கையை மறக்காம சோப்பு போட்டுக் கழுவணும், சால்மோனெல்லா கிருமி இருக்கலாம்.

காலையில வந்து வாங்கிட்டுப் போனாங்க. பல் தடத்தையும் காட்டிட்டேன். மணி இன்னும் பாத்ரூம் கதவடியில மூக்கை வச்சுப் படுத்திருக்கான்.